கிணற்றடியில் தொடங்கும் படத்துக்கு எந்த வயதுச் சான்றிதழ்?

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மா, நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, குழந்தைகளுக்கான ஒரு முழுநீளப் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும், தலைப்பையும் சேர்த்து இரண்டரை நிமிடத்துக்கு எடுத்துத் தர வேண்டும். அந்தப் படத்துக்கு எந்த வயதுச் சான்றிதழ் பொருந்தும் என்று காரணங்களோடு ஓர் அறிக்கையும் தர வேண்டும். எங்கள் பார்வையாளர்கள் 6 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகள்.

கதை இது. விடியற்காலையில் திண்ணையில் அமர்ந்து தாத்தா பீடி பற்றவைக்கிறார். ஒன்பது வயதுப் பேரன் தன் ஆட்டுக்குட்டியைக் காணாமல் தேடிப் புறப்படுகிறான். வழியில் திக்கிப் பேசும் ஒரு பையனிடம் விசாரிக்கிறான். உடனிருக்கும் பிள்ளைகள் அந்தப் பையனைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். ஊர்க்கோடியில் இருக்கும் பாழுங்கிணற்றிலிருந்து குட்டியின் குரல் கேட்கிறது. பையன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்குகிறான். இருட்டில் இரண்டு கண்கள் மின்னுகின்றன. திரை கறுத்துப் படத்தின் பெயர் வருகிறது.

"குழந்தைகள் படம் என்றால் எல்லாரும் பார்க்கக்கூடிய யு சான்றிதழ்தான், கிணற்றை எடுத்துவிடுங்கள்" என்கிறார் எங்கள் பேராசிரியர். "இப்போதுதான் யுஏ 7+ வந்துவிட்டதே, எதையும் மாற்ற வேண்டாம்" என்கிறான் குழுவில் ஒருவன். யார் சொல்வது சரி? கிணறு இல்லாவிட்டால் எங்களிடம் படமே இல்லை.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவர்)

பதில்:

அன்புள்ள மாணவருக்கு, உங்கள் பேராசிரியரும் நண்பரும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்கிறார்கள். கிணற்றை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போதுள்ள வடிவில் அதை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே யுஏ 7+ (ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கான எச்சரிக்கை) என்று எழுதிவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. படத்தொகுப்பு மேசையில் இருபது ஆண்டுகளைக் கழித்தவள் என்ற முறையில், சட்டம் சொல்வதைச் சுருக்கமாகவும், காட்சியில் செய்ய வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகவும் சொல்கிறேன்.

தொடக்கக் காட்சிக்கென்று தனியாக வயதுச் சான்றிதழ் எதுவும் கிடையாது. முன்னோட்டத்துக்குத் தனியே விண்ணப்பித்துச் சான்றிதழ் பெற வேண்டும். படத்தின் முதல் இரண்டரை நிமிடத்துக்கு அப்படி ஒன்று இல்லை. 1991 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒரு படத்தை அதன் முழுமையிலும் ஒட்டுமொத்தத் தாக்கத்திலும் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்கின்றன. இருட்டில் மின்னும் அந்தக் கண்கள் ஆட்டுக்குட்டியுடையவையா வேறெதனுடையவையா, பையன் எப்படி மேலே வருகிறான், அவன் இறங்கியதை யார் கண்டிக்கிறார்கள் என்பவை தெரியாமல், எந்தத் தணிக்கைக் குழுவும் உங்கள் படத்துக்கு வயது சொல்ல முடியாது. ஆகவே அறிக்கையின் முதல் பக்கத்தில் மீதிக் கதையை முடிவுவரை எழுதிவிடுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிட்டு, எடுத்த துண்டை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

இன்றைய வகைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி முதலில் யு, பெரியவர்களுக்கு மட்டுமான ஏ என்ற இரண்டுதான் நடைமுறையில் இருந்தன. 1983இல் யுஏவும், மருத்துவர்கள் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமான எஸ்ஸும் சேர்ந்தன. தணிக்கை வாரியம் என்ற பெயர் சான்றிதழ் வாரியம் என்று மாறியதும் அதே ஆண்டில்தான், நாம் இன்னும் சென்சார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாலும். பழைய யுஏ, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கான எச்சரிக்கை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பதினொரு வயதுப் பிள்ளைக்கும் ஒரே கோடு என்பது எவ்வளவு பொருந்தாதது என்று குழந்தைகளோடு பழகிய எவருக்கும் தெரியும். 2021இல் இணையத் திரைத் தளங்களுக்காக வந்த விதிகள் இந்த ஒரே கோட்டை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தன. 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அதே பிரிவைத் திரையரங்குப் படங்களுக்கும் கொண்டுவந்தது. இதில் உங்கள் நண்பர் கவனிக்க வேண்டியது, யுஏவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் பெற்றோரும் பாதுகாவலரும் யோசித்து முடிவெடுப்பதற்கானது என்பதும், அதை வேறு எவரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதும். திரையரங்கின் வாயிலில் நிற்பவர் ஆறு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துத் திருப்பி அனுப்பப்போவதில்லை. ஏ சான்றிதழ் பெற்ற படத்தின் நிலை வேறு.

உங்கள் பேராசிரியர் யுவை இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2011 முதல் 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை, தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்குக் கேட்கும் படத்துக்குத் தமிழ்ப் பெயர் மட்டும் போதாது, யு சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஒரே ஓர் எழுத்துக்காகக் காட்சிகளைக் குறைத்துக்கொண்டு மறுபடி மறுபடி விண்ணப்பித்த தயாரிப்பாளர்களின் காலம் அது. அந்த நாட்களில் எங்கள் தொகுப்பறையில் கதையைவிடச் சான்றிதழைப் பற்றிய பேச்சே அதிகம். வரிவிலக்குப் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. யுஏ 7+ பெற்ற குழந்தைகள் படம் தோற்றுப்போன படம் அல்ல. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையோடு வரும் பெற்றோரிடம், கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் படம், அவ்வளவுதான்.

ஆனால் இங்கே உங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. பார்வையாளர்கள் 6 முதல் 10 வயது என்று ஒரு பக்கத்திலும் சான்றிதழ் யுஏ 7+ என்று இன்னொரு பக்கத்திலும் எழுதினால், உங்கள் பார்வையாளர்களில் ஐந்தில் ஒரு பங்கை எச்சரிக்கைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்துகிறீர்கள். வாய்மொழித் தேர்வில் இதை ஒருவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. ஒன்று, பார்வையாளர்களை 8 முதல் 11 வயது என்று மாற்றுங்கள். ஒன்பது வயதுக் கதாநாயகனுக்கு அதுதான் இயல்பும்கூட, ஏனென்றால் பிள்ளைகள் தங்களைவிடச் சற்று மூத்த பிள்ளையைத் திரையில் பார்க்க விரும்புவார்களே தவிர, இளையவர்களை அவ்வளவாக விரும்புவதில்லை. அல்லது, ஆறு வயதை விட்டுவிட மனமில்லை என்றால், காட்சியை யுவுக்குள் கொண்டுவாருங்கள். எனக்கு இரண்டாவது வழி பிடித்திருக்கிறது. கிணற்றை வைத்துக்கொண்டே அதைச் செய்ய முடியும்.

முதலில் பீடியைப் பார்ப்போம், அது சின்ன விஷயம்போலத் தோன்றுவதால். திரையில் புகையிலை வந்தால், படத்தின் தொடக்கத்திலும் இடையிலும் குறைந்தது 30 நொடி நலவாழ்வுக் குறும்படமும், 20 நொடி ஒலி-ஒளி அறிவிப்பும் காட்ட வேண்டும். பீடி கையில் இருக்கும் நேரமெல்லாம் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகமும் நிற்க வேண்டும். குழந்தைகள் படத்தின் முதல் சட்டகத்திலேயே, விடியற்காலை வெளிச்சத்தில் அமர்ந்திருக்கும் தாத்தாவின் காலடியில், புகைப்பிடித்தல் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஒரு வரி நிற்பதை எண்ணிப் பாருங்கள். வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை தாத்தாவின் முகத்தைப் பார்க்காது, அந்த வரியைத்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அந்தப் பீடி கதைக்கு என்ன செய்கிறது? அவர் கிராமத்து முதியவர் என்று சொல்கிறது. அதைச் சொல்ல வேட்டியும் திண்ணையும் போதும்.

பீடிக்குப் பதிலாக அவர் கையில் வெற்றிலை இடிக்கும் சிறிய இரும்பு உரலைக் கொடுங்கள். பல் போன தாத்தா, பாட்டிமார் வெற்றிலை பாக்கை அதில் போட்டு டொக், டொக் என்று இடிப்பதை உங்கள் பகுதியில் இன்னும் சில திண்ணைகளில் கேட்கலாம். புகையிலைத் துண்டு மட்டும் அதில் சேரக் கூடாது. சேர்ந்தால் அந்த எச்சரிக்கை வாசகம் திரும்பி வந்துவிடும். பீடி வெறும் காட்சிப் பொருள், உரலுக்கோ ஓசை இருக்கிறது. பேரன் குட்டியைத் தேடித் தெருவில் நடக்கும்போதும் அந்த ஓசை பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அவன் தூரம் போகப் போக அது தேயட்டும். ஊர்க்கோடிக் கிணற்றை அடையும்போது, காற்றின் நடுவே, கேட்டும் கேளாமலும் ஒரு டொக். படம் பார்க்கும் பிள்ளைக்குத் தான் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது அந்த ஓசையால் தெரியும். வேறு எந்த வசனமும் தேவையில்லை. கிணற்றுக் காட்சியின் பயம் முழுவதையும் இனி இந்த உரலை வைத்தே நீங்கள் அளக்கலாம்.

கிணற்றில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. உங்கள் குழு அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. இருட்டும் மின்னும் கண்களும் பிள்ளைகளைப் பயமுறுத்துமோ என்பதுதான் உங்கள் கவலை. என்னுடைய கவலை அந்தக் கயிறு. பயந்த பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும், இல்லையென்றால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குப் போவதற்குள் பயம் தீர்ந்துவிடலாம். ஆனால் ஒன்பது வயதுப் பையன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, சறுக்காமல், உள்ளங்கை எரியாமல், வீரமாகக் கிணற்றில் இறங்குவதைப் பார்த்த பிள்ளை, அதை ஒரு செய்முறையாக மனத்தில் எடுத்துக்கொண்டு போகிறது. கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறுகள் நிறைந்த மாவட்டத்திலிருந்து எழுதுகிறீர்கள். நான் விளக்க வேண்டியதில்லை. இணையத் தளங்களுக்கான 2021 விதிகளின் அட்டவணையில், குழந்தைகள் பார்த்துச் செய்யக்கூடிய ஆபத்தான நடத்தை தனித் தலைப்பாகவே இருக்கிறது. அப்படிப்பட்ட நடத்தையைத் தூண்டக்கூடிய காட்சிக்கு உயர்ந்த வயது வகை தர வேண்டும் என்று அது சொல்கிறது. 1991 நெறிகள் வேறொரு கோணத்திலிருந்து, குழந்தைகளை வன்முறைக்கு ஆளாக்கியோ அதற்குச் சாட்சியாக நிறுத்தியோ காட்டுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. உங்கள் காட்சியில் வன்முறை இல்லாததால் அது உங்களைத் தொடாது. உங்களைத் தொடுவது கயிறுதான்.

ஆகவே தொடக்கக் காட்சியில் அவன் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. அவன் சுவரில் வயிற்றை வைத்து எட்டிப் பார்க்கட்டும். பனையோலைப் பெட்டி ஒன்றில் ஒரு கைப்பிடி அகத்திக்கீரையை வைத்துக் கயிற்றில் கட்டி உள்ளே விடட்டும். குட்டி வந்து கீரையைத் தின்னும், பெட்டிக்குள் ஏறாது. பெட்டியை மேலே இழுக்கிறான். கீரை இல்லை, குட்டியும் இல்லை. மறுபடியும் விடுகிறான். இதில் பயமும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது, அவன் யோசிக்கிறான் என்பதும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, அடுத்து என்ன செய்வான் என்ற கேள்வி இருக்கிறது. தொடக்கக் காட்சி செய்ய வேண்டிய வேலையே அதுதான். கயிற்றில் இறங்கிவிட்டால் அந்தக் கேள்வி தீர்ந்துபோகும். ஒருவேளை உங்கள் கதை அவன் இறங்காமல் நகரவே நகராது என்றால், இறங்கட்டும். ஆனால் முடிச்சுப் போடுவதை அண்மைக் காட்சியில் காட்டாதீர்கள், கை எரிவதைக் காட்டுங்கள், கீழே போனவனால் தானாக மேலே வர முடியவில்லை என்பதைக் காட்டுங்கள், அறிக்கையில் யுஏ 7+ என்று தயங்காமல் எழுதிப் பார்வையாளர் வயதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இனிப் பயம். சில ஆண்டுகளுக்கு முன், நான் தொகுத்த ஒரு குறும்படத்தை ஒரு தொடக்கப்பள்ளியின் கூடத்தில் போட்டுக் காட்டினோம். அதில் ஒரு பேய்க் காட்சி இருந்தது. அது அதிகமாகிவிட்டதோ என்று நாங்கள் இரண்டு நாள் விவாதித்திருந்தோம். பேய் வந்தது, பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். பிறகு, நாங்கள் யாரும் பொருட்படுத்தாத ஓரிடத்தில், படத்தில் வரும் அம்மா பேருந்தில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு சிறுமி திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, தன் ஆசிரியை சுவரோரம் நின்றுகொண்டுதான் இருக்கிறாரா என்று பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி படத்துக்குத் திரும்பினாள். சின்னப் பிள்ளைகளின் பயம் எங்கே இருக்கிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு திரும்பல். மின்னும் கண்களைவிட, பெரியவர் ஒருவர் இல்லாமற்போவதுதான் அவர்களைத் தொடும்.

உங்கள் உரலுக்கு இப்போது வருவோம். பையன் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது தூரத்து ஓசை நின்றுவிட வேண்டும். தாத்தா வெற்றிலையை இடித்து முடித்திருப்பார், வேறொன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகளின் காதுக்கு அது வீடே இல்லாமற்போனது போல இருக்கும். அந்த மௌனம் எத்தனை நொடி என்பதில்தான் உங்கள் வயது வகை இருக்கிறது. நான்கு நொடி மௌனம், உடனே குட்டியின் மே என்ற குரல், பிறகு மறுபடியும் ஒரு டொக் என்றால், அது யு. பதினைந்து நொடி மௌனம், கீழிருந்து மேலே பார்க்கும் கோணத்தில் பையனின் முகம் சின்ன வட்டத்துக்குள் சுருங்குவது, அடித்தொண்டையில் உறுமும் பின்னணி இசை, திரை கறுப்பு என்றால், அதே கிணறு, அதே பையன், ஆனால் யுஏ 7+. பிரிட்டனின் திரைப்பட வகைப்பாட்டு வாரியம் தன் யு வகைக்கு எழுதிவைத்திருந்த அளவுகோல் ஒன்று இதற்கு நன்றாக உதவும்: அச்சமூட்டும் பகுதிகள் மென்மையாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும், அவற்றின் முடிவு ஆறுதலளிக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டத்தில் அந்த வாசகம் இல்லையென்றாலும், தொகுப்பு மேசையில் வைத்துக்கொள்ள அதைவிட நல்ல கோல் எனக்குத் தெரியாது. உங்கள் முதல் வடிவம் ஆறுதலில்லாமல் கறுப்பில் முடிகிறது. அதுதான் அதன் குறை. தலைப்பு வரும் சட்டகத்தின் மேல் உரலின் ஓசை திரும்பி ஒலித்தால் போதும், அந்தக் குறை தீர்ந்துவிடும். கண்கள் மின்னுவதைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. ஆனால் அது நாங்கள் எல்லாரும் நூறு முறை பார்த்த உத்தி, எடுத்துவிட்டால் நஷ்டமில்லை.

திக்கிப் பேசும் பையனைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தை எடுத்துவிடுங்கள். உடல், மனக் குறைபாடு உடையவர்களை ஏளனம் செய்வதை 1991 நெறிகள் தேவையின்றிக் காட்டக் கூடாது என்கின்றன என்பது ஒரு காரணம். அரங்கில் அமர்ந்திருக்கும் நூறு பிள்ளைகளில் ஒருவன் திக்கிப் பேசுபவனாக இருப்பான் என்பதும், இடைவேளையில் மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் அவனிடம் என்ன சொல்லிச் சிரிப்பார்கள் என்பதும் அதைவிடப் பெரிய காரணம். அந்தப் பையனை வைத்துக்கொள்ளுங்கள், சிரிப்பை மட்டும் எடுங்கள். குட்டி எங்கே போயிற்று என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், அவன் சொல்லி முடிக்கும்வரை கதாநாயகன் பொறுமையாகக் காத்து நிற்கிறான் என்று வைத்தால், உங்கள் நாயகன் எப்படிப்பட்டவன் என்பது பத்து நொடியில் தெரிந்துவிடும்.

படப்பிடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், வயது வகையை யோசிப்பவர்கள் நடிக்கும் பிள்ளையின் வயதை மறந்துவிடுவதால். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழுள்ள விதிகள், காட்சி ஒலி ஊடகத் தயாரிப்பில் குழந்தையை நடிக்கவைக்க மாவட்ட நடுவரின், அதாவது ஆட்சியரின், அனுமதி வேண்டும் என்கின்றன. நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, சம்பளம் கொடுத்தால் அதில் 20 விழுக்காட்டையாவது குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போட வேண்டும். கல்லூரிப் பயிற்சிதானே, நமக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளாமல், துறைத்தலைவரின் கடிதத்தோடு ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலைக் காட்சிக்காகப் பையனை நான்கு மணிக்கு எழுப்பாதீர்கள். மாலை வெளிச்சத்தில் எடுத்து நிறத்தைச் சற்றுக் குளிர்வித்தால் விடியலாகிவிடும், எங்களைப் போன்றவர்கள் வேறெதற்கு இருக்கிறோம்?

ஆட்டுக்குட்டியை எந்தக் காரணத்தைக் கொண்டும் உண்மையான கிணற்றுக்குள் இறக்காதீர்கள், பையனை உண்மையான கிணற்றின் விளிம்பில் சாய்க்கவும் செய்யாதீர்கள். திரையரங்குப் படமென்றால் விலங்கு நடிக்கும் காட்சிக்கு விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதியும், பிறகு தடையில்லாச் சான்றும் இல்லாமல் தணிக்கைக்கே போக முடியாது. அதையும் உங்கள் அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். எடுப்பதற்கு எளிய வழி இருக்கிறது. உறைக்கிணற்றுக்குச் சிமெண்ட் உறை வார்த்து விற்கும் இடத்தில் மூன்று, நான்கு உறைகளை வாடகைக்குப் பேசுங்கள். ஓர் உறையைச் சமதரையில் வைத்து, வெளிப்புறம் மண்ணும் செடியும் அணைத்தால் கிணற்றுச் சுவர் ஆயிற்று. பையன் அதில் சாய்ந்து நிற்கும்போது அந்தப் பக்கம் ஓர் அடிக்குக் கீழே ஒரு மெத்தை இருக்கும். இன்னோர் உறையின் உட்புறத்தில் கரியும் பாசிநிறமும் பூசி, உள்ளே வைக்கோலைப் பரப்பிக் குட்டியை நிறுத்தி, மேலே ஒற்றை விளக்கை மட்டும் வைத்து எடுத்தால் கிணற்றின் அடித்தளம் கிடைத்துவிடும். குட்டியின் தாயாட்டை உறைக்குப் பக்கத்திலேயே கட்டிவையுங்கள். அப்போதுதான் அது மிரளாமல் நிற்கும்.

அறிக்கையை எழுதும்போது, யு தகுதியுடையது என்று பொதுவாக முழங்காமல், நொடிக் கணக்கோடு எழுதுங்கள். இப்படி: "1 நிமிடம் 48 நொடி முதல் 1 நிமிடம் 52 நொடி வரை உரலின் ஓசை நின்று மௌனம் நிலவுகிறது. இது குழந்தைக்கு மெல்லிய அச்சத்தைத் தரலாம். 1 நிமிடம் 52ஆம் நொடியில் குட்டியின் குரலும், 1 நிமிடம் 56ஆம் நொடியில் உரலின் ஓசையும் திரும்புவதால் அச்சம் நீடிப்பதில்லை." கிணற்றைப் பற்றி எழுதும்போது, முழுப்படத்தில் பையனின் செயலைப் பெரியவர் ஒருவர் எங்கே, எப்படிக் கண்டிக்கிறார் என்பதையும் சேர்த்துவிடுங்கள். நீங்கள் விட்டுவிட்டவற்றையும் எழுதுங்கள். பீடி இருந்தது, இந்தக் காரணத்தால் மாற்றினோம் என்று எழுதுவதற்குத்தான் மதிப்பெண் அதிகம் கிடைக்க வேண்டும்.

தயவுசெய்து தணிக்கைச் சான்றிதழின் படத்தை இணையத்திலிருந்து எடுத்து, அதில் உங்கள் படத்தின் பெயரை எழுதி முதல் பத்து நொடிக்கு ஒட்டாதீர்கள். கல்லூரிக் குறும்படங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒருமுறை அதில் முக்கோணக் குறிகூட இருந்தது, வெட்டுக்குப் பிறகு சான்று பெற்ற படத்துக்குத்தான் அந்தக் குறி இடுவார்கள் என்பது ஒட்டியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது ஓர் அரசு ஆவணம். உங்கள் சொந்த எழுத்தில், உத்தேச வகை யு, கல்விப் பயிற்சிக்காக எடுக்கப்பட்டது என்று ஓர் அட்டை போட்டால் போதும். வகுப்பறைத் திரையிடலுக்குச் சான்றிதழ் தேவையில்லை. யூடியூபில் ஏற்றினால், குழந்தைகளுக்காக எடுத்ததா என்று அது கேட்கும். ஆம் என்றுதான் குறிக்க வேண்டும். குறித்தால் கருத்துப்பெட்டி மூடிக்கொள்ளும். நண்பர்களின் பாராட்டுக்காக இல்லை என்று குறித்துவிடாதீர்கள்.

கடைசியாக, தொகுத்து முடித்ததும் உங்கள் தெருவிலேயே ஆறு, ஏழு பிள்ளைகளை அவர்களின் தாய்மார்களோடு கூட்டி, ஒரு வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியில் இணைத்துப் போட்டுக் காட்டுங்கள். குழுவில் மூன்று பேர் திரைக்குப் பக்கத்தில் நின்று, படத்தைப் பார்க்காமல் பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். படம் முடிந்ததும் பயமாக இருந்ததா என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளைகளும் இல்லை என்றுதான் சொல்வார்கள். உரல் நிற்கும் இடத்தில் எவராவது திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தால், அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்து, மௌனத்திலிருந்து ஒரு நொடியை வெட்டிவிட்டு மறுபடியும் போட்டுக் காட்டுங்கள்.